கோலி போட்ட ஷூ உங்கள் காலுக்குச் சரியா? ஸ்போர்ட்ஸ், ட்ரெக்கிங் பொருட்களுக்கு நட்சத்திர விளம்பரம் உண்மையில் பலன் தருகிறதா?

ஜூன் மாதம் பிறந்தால் போதும், வாஷி, செம்பூர், மாட்டுங்கா பக்கத்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் கட்டாயம் வரும்: "இந்த சண்டே கலாவந்தின் போலாமா?" நீங்களும் 'ஓகே' என்று தம்ஸ்-அப் போட்டுவிடுவீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் உங்கள் இன்ஸ்டா ஃபீடில் ட்ரெக்கிங் ஷூ, ரெயின் ஜாக்கெட், பேக்பேக் என விளம்பரங்கள் வரிசை கட்டும். பாதியில் கிரிக்கெட் வீரர்கள், மீதியில் சினிமா நட்சத்திரங்கள்.

அந்த முகத்துக்காக நிறுவனம் கோடிகளில் பணம் கொடுத்திருக்கிறது. அது அவர்களுக்குத் திரும்பி வருகிறதா? வருகிறது என்றால் யார் பையிலிருந்து? முக்கியமாக, ஈரப் பாறையில் உங்கள் கால் வழுக்காமல் இருக்க அந்த முகம் ஏதாவது உதவி செய்கிறதா?

சுருக்கமாகச் சொன்னால்:

• பெரிய பிராண்டுக்கு நட்சத்திர விளம்பரம் பெரும்பாலும் லாபக் கணக்குதான். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய லாபம் இல்லை.
• சின்ன பிராண்டுக்கு அது பல நேரம் தற்கொலைக்குச் சமம்.
• உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சாகசப் பொருட்களில் நட்சத்திரத்தைவிடத் தரமுத்திரைதான் பேச வேண்டும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், நட்சத்திரத்துக்கு எதற்குப் பணம்?

ஒரு நட்சத்திரம் பிராண்டுக்கு மூன்று வேலை செய்து கொடுக்கிறார். முதலாவது கவனம். நூறு விளம்பரங்களுக்கு நடுவில் தெரிந்த முகம் ஒன்று வந்தால் நம் விரல் ஒரு நொடி நிற்கும். இரண்டாவது ஞாபகம். கடையில் பத்து ஷூ வரிசையாக இருக்கும்போது "இது அவர் போட்டதுதானே" என்று மனசு ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கும். மூன்றாவது நம்பிக்கை. "இவ்வளவு பெரிய ஆள் சும்மா சொல்வாரா?" என்ற எண்ணம்.

முதல் இரண்டையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். மூன்றாவது அப்படி வராது. நட்சத்திரத்துக்கும் பொருளுக்கும் பொருத்தம் இருந்தால்தான் அது வரும். ஓடுகிறவர் ஓட்ட ஷூவைப் பற்றிச் சொன்னால் காது கொடுக்கிறோம். அவரே மலையேறும் கயிற்றைப் பற்றிச் சொன்னால் "இவருக்கென்ன தெரியும்?" என்று கேட்கத் தோன்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில விளம்பரங்களில் நடிகர் ஞாபகம் இருப்பார், வசனம் ஞாபகம் இருக்கும், பிராண்ட் பெயர் மட்டும் மறந்துபோகும். நட்சத்திரமே பிராண்டின் ரத்தத்தை உறிஞ்சிவிடுவதால் விளம்பர உலகத்தில் இதற்கு 'வேம்பயர் எஃபெக்ட்' என்று பெயர்.

எம்.ஆர்.எஃப். ஸ்டிக்கர் சொல்லும் பாடம்

நம்ம ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாக கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கியதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப். அது டயர் கம்பெனி. ஆனால் 90-களில் வளர்ந்த பசங்களைக் கேட்டுப் பாருங்கள், எம்.ஆர்.எஃப். என்றதும் டயருக்கு முன்னால் ஞாபகம் வருவது கிரிக்கெட் பேட்தான்.

காரணம் சச்சின் டெண்டுல்கர். 1996 உலகக் கோப்பையில் பேட்டில் எந்த ஸ்டிக்கரும் இல்லாமல் ஆடினார். அதன் பிறகுதான் எம்.ஆர்.எஃப். அவர் பேட்டில் ஏறியது. பின்னர் பிரையன் லாரா, ஸ்டீவ் வா, விராட் கோலி, இப்போது ஷுப்மன் கில் என்று அந்த வரிசை தொடர்கிறது. தாராவி சந்திலும் சரி, தண்டையார்பேட்டை சந்திலும் சரி, எந்தக் கம்பெனி பேட்டாக இருந்தாலும் அதன் மேல் சிவப்பு எழுத்து ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, எம்.ஆர்.எஃப். அந்த விளம்பரத்தால் விற்க நினைத்தது டயரை. பேட் அதற்கு ஒரு நடமாடும் விளம்பரப் பலகை. ஒரு செஞ்சுரி அடித்தால் டிவி கேமரா மணிக்கணக்கில் அதைக் காட்டும். தனியாக டிவி நேரம் வாங்கினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மலிவுதான்.

சரி, பேட் வாங்குகிறவருக்கு என்ன கிடைத்தது? கிரிக்கெட் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது: சர்வதேச வீரர்கள் பலர் தங்களுக்குப் பிடித்த பேட் தயாரிப்பாளரிடம் எடையும் பேலன்ஸும் சொல்லிச் செய்து வாங்குவார்கள். மேலே ஒட்டுவது ஸ்பான்சர் ஸ்டிக்கர். மெட்ரோ சினிமா பக்கத்து தோபி தலாவ் ஸ்போர்ட்ஸ் கடைகளில் அதே ஸ்டிக்கரோடு நீங்கள் வாங்கும் பேட், அந்த வீரர் கையில் இருக்கும் மரம் அல்ல. ஆகவே முதல் பாடம்: விளம்பரம் பிராண்டுக்கு பலன் தருவது வேறு, வாங்குகிறவருக்குப் பலன் தருவது வேறு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் வெற்றிக் கதை நைக்கி–மைக்கேல் ஜோர்டன் கதைதான். 1984-ல் ஒப்பந்தம். சில ஆண்டுகளில் 30 லட்சம் டாலருக்கு விற்றால் போதும் என்று நைக்கி நினைத்திருந்தது. முதல் ஆண்டிலேயே விற்பனை 12.6 கோடி டாலர். இதைக் காட்டித்தான் எல்லா விளம்பர ஏஜென்சியும் கிளையன்ட் மீட்டிங்கில் கைதட்டல் வாங்கும்.

ஆனால் ஜோர்டன் விதிவிலக்கு. சராசரி என்ன? ஹார்வர்ட் பேராசிரியர் அனிதா எல்பர்ஸும் ஜெரோன் வெர்லூனும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களை ஒப்பந்தம் செய்தபோது என்ன ஆனது? விற்பனை சராசரியாக 4% கூடியது. பங்கு மதிப்பு கால் சதவீதம் அளவுக்கு உயர்ந்தது. அந்த வீரர் பெரிய பட்டம் வெல்லும்போதெல்லாம் விற்பனை மறுபடி ஒரு துள்ளல் துள்ளியது. ஆனால் நாளாக ஆக அந்தத் துள்ளலின் உயரம் குறைந்துகொண்டே வந்தது.

4% என்பது கேட்க சப்பென்று இருக்கிறதா? பெரிய கம்பெனிக்கு அது பெரிய தொகை. இதைக் கீழே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விளையாட்டுப் பொருள் ஒன்றை மட்டும் எடுத்துத் துல்லியமாக அளந்த ஆய்வும் இருக்கிறது. டைகர் வுட்ஸும் நைக்கி கோல்ஃப் பந்தும். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2000 முதல் 2010 வரை வுட்ஸ் பெயரால் நைக்கியின் பந்துப் பிரிவுக்குக் கிடைத்த கூடுதல் லாபம் சுமார் 10.3 கோடி டாலர். பந்தின் விலையையும் 2.5% அளவுக்குக் கூட்டி வைக்க முடிந்தது. அவருக்குக் கொடுத்த பணத்தில் கிட்டத்தட்ட 57%, அமெரிக்காவில் விற்ற பந்திலிருந்து மட்டுமே திரும்பி வந்துவிட்டது.

அந்த 2.5% விலை உயர்வை இன்னொரு தடவை படியுங்கள். "நட்சத்திரத்தின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு விடையில் ஒரு பங்கு அதுதான். பில் போடும்போது நாம் கொடுக்கிறோம்.

கதை அதோடு முடியவில்லை. 2016 ஆகஸ்டில் கோல்ஃப் பந்து, மட்டை, பை எல்லாவற்றையும் செய்வதை நிறுத்துவதாக நைக்கி அறிவித்தது. உலகத்தின் மிகப் பெரிய கோல்ஃப் நட்சத்திரம் கையில் இருந்தும் அந்தப் பிரிவு நிலைக்கவில்லை. நட்சத்திரம் ஆளைக் கடைக்குள் கூட்டி வருவார். அவர்களைத் தங்க வைப்பது பொருளும் அந்தச் சந்தையும்தான்.

கோலி–பூமா: நம் காலத்து கேஸ் ஸ்டடி

2017 பிப்ரவரியில் பூமா நிறுவனம் விராட் கோலியை எட்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது. தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. அதே ஆண்டில் இருவரும் சேர்ந்து 'ஒன்8' என்ற பெயரில் தனி வரிசையும் தொடங்கினார்கள்.

கணக்குப் போடுவோம். 110 கோடியை எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 13.75 கோடி. பூமா இந்தியாவின் 2022 விற்பனை சுமார் 2,980 கோடி. அப்படியானால் கோலியின் ஆண்டுச் சம்பளம் அந்த ஆண்டு விற்பனையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. மேலே சொன்ன 4% கூடுதல் விற்பனை இங்கே கிடைத்ததாக வைத்துக்கொண்டால் அது சுமார் 120 கோடி. விளம்பரப் படம் எடுப்பது, டிவி நேரம் வாங்குவது என மற்ற செலவுகளைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு பூமாவுக்குச் சாதகமாகவே நிற்கும்.

"அப்போ பூமா வளர்ந்ததே கோலியாலா?" என்றால், அவசரப்பட வேண்டாம். அதே காலத்தில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள்.

டெகாத்லான் மட்டும் எப்படி?

பிரான்ஸ் நிறுவனமான டெகாத்லான் 2009-ல் இந்தியாவுக்கு வந்தது. பெரிய கிரிக்கெட் ஸ்டாரையோ சினிமா ஸ்டாரையோ முன்னால் நிறுத்தி வளர்ந்த நிறுவனம் அல்ல அது. ஆனாலும் 2022-23 நிதியாண்டில் அதன் இந்திய வருவாய் சுமார் 3,955 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு அது 2,936 கோடி. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது.

அது என்ன செய்தது? மலையேற்றத்துக்கு கெச்சுவா, சைக்கிளுக்கு பிட்வின், கால்பந்துக்கு கிப்ஸ்டா என விளையாட்டுக்கு ஒரு சொந்த பிராண்ட் வைத்தது. பெரிய கடை போட்டு, "எடுத்து ஓடிப் பார், ஓட்டிப் பார், பந்து போட்டுப் பார்" என்று விட்டது. விளம்பரத்துக்குப் போக வேண்டிய பணம் விலைக் குறைப்பிலும் கடையிலும் போனது. டென்ட்டை விரித்து உள்ளே படுத்துப் பார்க்கிற வாடிக்கையாளருக்கு நடிகர் சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

வீரர்களே வேண்டாம் என்று அந்த நிறுவனம் இருந்துவிடவில்லை. 2024 முதல் ஐரோப்பாவின் முன்னணி சைக்கிள் பந்தய அணி ஒன்று டெகாத்லான் பெயரோடு, அதன் வான் ரைசல் சைக்கிளில் ஓடுகிறது. தொழில்முறை வீரர் ஒரு சைக்கிளை வாரம் முழுக்க உயிரைக் கொடுத்து மிதிப்பதும், நடிகர் அதன் பக்கத்தில் நின்று சிரிப்பதும் ஒன்றல்ல. முன்னதில் விளம்பரத்தோடு பரிசோதனையும் நடக்கிறது.

ஆக, இந்தியாவில் இந்தச் சந்தை முழுவதுமே வளர்ந்த காலம் அது. கோவிட்டுக்குப் பிறகு பாம் பீச் ரோட்டில் அதிகாலை ஐந்தரைக்கு ஓடுகிறவர்களையும் சைக்கிள்காரர்களையும் பார்த்தால் உங்களுக்கே புரியும். அலை ஏறும்போது நட்சத்திரம் உள்ள படகும் ஏறும், இல்லாத படகும் ஏறும்.

நெருலில் ஒரு ராத்திரி, சந்தையில் ஒரு மாற்றம்

வாஷியிலிருந்து ஹார்பர் லைனில் மூன்றாவது ஸ்டேஷன் நெருல். அங்கே டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் 2025 அக்டோபர் 30-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியில் மும்பைப் பெண் ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்தார். நவம்பர் 2-ல் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வீழ்த்தி ஹர்மன்ப்ரீத் கவுர் தலைமையிலான இந்தியப் பெண்கள் அணி முதல் முறையாக உலகக் கோப்பையை வென்றது.

எல்பர்ஸ் ஆய்வு சொன்ன 'பட்டம் வென்றால் துள்ளல்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் கிடைக்காது. புத்திசாலித்தனமான பிராண்ட் எது? ஜெயித்த மறுநாள் செக்கோடு வரிசையில் நின்றதா? இல்லை. முன்பே வந்து நின்றதுதான். பூமா ஹர்மன்ப்ரீத்தை ஒப்பந்தம் செய்தது 2023-ல். கோப்பைக்கு முந்தைய விலைக்கும் பிந்தைய விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்குக் கிடைத்த லாபம். மார்க்கெட்டிங்கில் வேலை செய்கிறீர்கள் என்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: நட்சத்திரத்தை உச்சியில் வாங்குவதும் ஷேரை உச்சியில் வாங்குவதும் ஒன்றுதான்.

அட்வென்ச்சர் பொருளுக்கு விதி ஏன் வேறு?

ஜெர்சி சரியில்லை என்றால் வியர்க்கும், அவ்வளவுதான். மலையில் அப்படி இல்லை. சஹ்யாத்ரி முழுவதும் கருங்கல் போன்ற பசால்ட் பாறை. மழையில் அதன்மேல் பாசி படரும். கலாவந்தினில் பாறையில் வெட்டிய செங்குத்தான படிகள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். 1,646 மீட்டர் உயர கல்சுபாயில் இரும்பு ஏணிகள். அங்கே ஷூவின் அடிப்பாகம் பிடிக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

இந்த மலைகளில் பல காலமாகப் புகழ்பெற்ற ஷூ எது என்று பழைய மகாராஷ்டிர ட்ரெக்கர்களைக் கேளுங்கள். நிறைய பேர் 'ஆக்‌ஷன் ட்ரெக்கிங்' என்பார்கள். பெரிய வெளிநாட்டு பிராண்டுகளின் விலையில் ஒரு சின்னப் பகுதிதான். ஈரப் பாறையில் பிடிக்கிறது என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லியே அது மலைக்கு மலை பரவியது. ட்ரெக் லீடர் சொல்கிற ஒரு வார்த்தைக்கு, டிவியில் வருகிற முப்பது விநாடியைவிட எடை அதிகம்.

இதனால்தான் உலக அளவிலும் இந்தத் துறையில் நடிகர்களைவிட ஏறுகிறவர்களே முகமாக இருக்கிறார்கள். தி நார்த் ஃபேஸ் நிறுவனத்தின் முகங்களில் ஒருவர் அலெக்ஸ் ஹொனால்ட், கயிறே இல்லாமல் எல் கேப்பிடன் பாறைச் சுவரை ஏறியவர்.

தமிழில் இந்தப் பொருத்தத்துக்கு நல்ல உதாரணம் அஜித் குமார். பல ஆண்டுகளாக விளம்பரங்களிலிருந்து ஒதுங்கியே இருந்தவர். பைக்கில் நாடு நாடாகச் சுற்றியவர். 2023-ல் 'ஏ.கே. மோட்டோ ரைடு' என்ற பைக் சுற்றுலா நிறுவனம் தொடங்குகிறேன் என்று அறிவித்தபோது யாரும் "பணத்துக்காகச் சொல்கிறார்" என்று சந்தேகப்படவில்லை. அவர் ஓட்டுகிறார் என்பது ஊருக்கே தெரியும். இந்த நம்பிக்கையை எந்த ஏஜென்சியாலும் மூன்று மாதத்தில் கட்ட முடியாது.

சறுக்கிய கதைகளும் உண்டு

நட்சத்திரம் பிராண்டைக் கவிழ்க்கலாம். 2009 இறுதியில் டைகர் வுட்ஸின் தனி வாழ்க்கை விவகாரம் வெடித்தபோது, அடுத்த 10–15 வர்த்தக நாட்களில் அவரது ஸ்பான்சர் நிறுவனங்கள் சந்தை மதிப்பில் 2 சதவீதத்துக்கும் மேல் இழந்ததாக ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. அடி அதிகம் விழுந்த மூன்று நிறுவனங்களில் நைக்கியும் ஒன்று.

பிராண்ட் நட்சத்திரத்தைக் கவிழ்த்த கதையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்பார்ட்டன் ஸ்போர்ட்ஸ், பேட், பேட் கார்ட், ஹெல்மெட் செய்யும் நிறுவனம். 2016-ல் சச்சினோடு ஒப்பந்தம் போட்டு 'சச்சின் பை ஸ்பார்ட்டன்' என்ற பெயரில் பொருட்களை விற்றது. பேசிய பணம் வரவில்லை என்று சச்சின் 2019-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2020-ல் சமரசம் ஆனது. ஒப்பந்தத்தை மதிக்காததற்கு ஸ்பார்ட்டன் மன்னிப்புக் கேட்டது.

பெயரைத் தூக்கும் அளவுக்குத் தோளில் வலு இல்லாத வியாபாரம், பெரிய பெயரை எடுத்துச் சுமந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வழக்கு ஒரு எச்சரிக்கை. நட்சத்திரத்தின் தவணைத் தேதி மாறாது. உங்கள் விற்பனை மட்டும் மாசத்துக்கு மாசம் மாறும்.

சின்ன பிராண்ட் தொடங்கப் போகிறீர்களா? இந்தக் கணக்கைப் பாருங்கள்

தாராவியின் பட்டறைகளில் பை தைத்து வாங்கி, சொந்தப் பெயரில் ட்ரெக்கிங் பேக்பேக் விற்கலாம் என்று உங்கள் நண்பர் ஒருவர் திட்டம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 2 கோடி. பொருள் செலவு போக நிற்பது 40%. "ஒரு நடிகரைப் போட்டால் எங்கேயோ போயிடலாம்" என்று யாரோ சொல்ல, 50 லட்சம் பேசுகிறார்கள்.

அந்த 50 லட்சத்தை எடுக்கக் கூடுதலாக எவ்வளவு விற்க வேண்டும்? 1.25 கோடி. அதாவது விற்பனை 62% கூட வேண்டும். ஆய்வு சொல்லும் சராசரியான 4% கிடைத்தால் கூடுதல் விற்பனை 8 லட்சம். அதில் நிற்பது 3 லட்சத்து 20 ஆயிரம். மீதி நஷ்டம். இதே 4%, 3,000 கோடி விற்கும் நிறுவனத்துக்கு 120 கோடி. ஒரே சதவீதம்தான், ஒருவருக்கு வரம், இன்னொருவருக்குக் கடன்.

இதில் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 50 லட்சம் என்பது முகத்துக்கு மட்டும். அந்த முகத்தை நாலு பேர் பார்க்க டிவி, டிஜிட்டல், ஹோர்டிங் எனத் தனியாகச் செலவழிக்க வேண்டும். பார்க்க யாரும் இல்லாத நட்சத்திர விளம்பரம் பூட்டிய வீட்டில் எரியும் லைட் மாதிரி.

அதே பணத்தில் உங்கள் நண்பர் வேறு என்ன செய்யலாம்? சஹ்யாத்ரியில் வாராவாரம் ஆட்களை அழைத்துப் போகும் இருபது ட்ரெக் லீடர்களுக்குப் பை கொடுத்து ஒரு முழு மழைக்காலம் சுமக்கச் சொல்லலாம். எங்கே தையல் பிரிகிறது, எந்த ஜிப் சிக்குகிறது என்று கேட்டுத் திருத்தலாம். ரிப்பேர் இலவசம் என்று அறிவிக்கலாம். விளம்பரமும் ஆச்சு, பொருளும் தேறும்.

நட்சத்திரங்களும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு நாற்காலியை மாற்றுகிறார்கள். பூமாவோடு எட்டு ஆண்டு முடிந்ததும் கோலி போன இடம், பூமா இந்தியாவின் முன்னாள் தலைவர் அபிஷேக் கங்குலி 2023-ல் தொடங்கிய அஜிலிடாஸ் ஸ்போர்ட்ஸ். தன் ஒன்8 பிராண்டை அங்கே ஒப்படைத்து, 40 கோடி ரூபாய் முதலீடும் செய்தார். புனேயின் மின்சார சைக்கிள் நிறுவனமான இமோட்டோராடில் 2024-ல் தோனி முதலீடு செய்ததும் இதே பாதைதான். முகத்தை வாடகைக்கு விடுகிறவருக்கு ஷூ பிய்ந்தால் கவலை இல்லை. பங்கு வைத்திருப்பவருக்கு உண்டு. வாங்குகிற நமக்கு இது கொஞ்சம் நல்ல சேதி.

பொய் சொன்னால் நட்சத்திரத்தைக் கேட்க முடியுமா?

முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 21-வது பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. முதல் தடவை ஓராண்டு வரை, அடுத்த தடவை மூன்றாண்டு வரை விளம்பரங்களில் தோன்றவே தடை போடலாம். சொல்லும் விஷயம் உண்மையா என்று உரிய கவனத்தோடு விசாரித்திருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

2022 ஜூனில் வந்த வழிகாட்டு விதிகள் இன்னும் தெளிவானவை. பரிந்துரை என்பது அவரது நேர்மையான கருத்தாக, பொருளைப் பற்றிப் போதிய தகவலோ அனுபவமோ இருந்து சொன்னதாக இருக்க வேண்டும். பணமோ பொருளோ வாங்கியிருந்தால் மறைக்கக் கூடாது. இன்ஸ்டாவில் ஷூவைக் காட்டும் இன்ஃப்ளூயன்சருக்கும் இது பொருந்தும். 'விளம்பரம்', 'ஸ்பான்சர்டு' என்று கண்ணில் படும்படி போட்டாக வேண்டும்.

நடைமுறை எப்படி? விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் 2022-23 அறிக்கைப்படி, பிரபலங்கள் தோன்றி விதியை மீறிய விளம்பரங்கள் ஒரே ஆண்டில் 55-லிருந்து 503 ஆகின. அதில் 97% பேரால் 'நான் சரிபார்த்தேன்' என்பதற்கு ஆதாரம் காட்ட முடியவில்லை. இது எல்லாத் துறைகளுக்கும் சேர்த்த கணக்குதான். ஆனாலும் ஒன்று தெளிவு: நட்சத்திரம் உங்களுக்காகப் பொருளைச் சோதித்துப் பார்த்திருப்பார் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும் விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் பத்திரமாக வையுங்கள்.

அப்போ கடையில் எதைப் பார்ப்பது?

ஷூ: முகத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் போட்டு அடியைப் பாருங்கள். பள்ளங்கள் ஆழமாக, இடைவெளியோடு இருக்கிறதா? அப்போதுதான் சேறு ஒட்டாமல் விழும். சாயங்காலமாகப் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ட்ரெக்கிங் சாக்ஸ் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல் முன்னால் இடித்தால், மலை இறங்கும்போது நகம் போய்விடும்.

மழை ஜாக்கெட்: 'வாட்டர்ப்ரூஃப்' என்ற வார்த்தை போதாது. எத்தனை மில்லிமீட்டர் நீர் அழுத்தம் தாங்கும் என்ற எண் லேபிளில் இருக்கும். எண் கூடக் கூடப் பாதுகாப்பு கூடும். தையல் மேல் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் முதலில் நுழைவது அந்த வழியில்தான்.

பேக்பேக்: லிட்டரை மட்டும் பார்க்காமல் முதுகின் நீளத்துக்குப் பொருந்துகிறதா, இடுப்பு பெல்ட் எலும்பு மேல் உட்காருகிறதா என்று எடை போட்டு மாட்டிப் பாருங்கள். சுமை தோளில் இருக்கக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும்.

கயிறு, ஹார்னஸ், ஏறும் ஹெல்மெட்: இங்கே பேரமே கிடையாது. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யு.ஐ.ஏ.ஏ. முத்திரையோ ஐரோப்பிய இ.என். தர எண்ணோ இருக்க வேண்டும். கயிற்றுக்கு இ.என். 892, ஹார்னஸுக்கு 12277, ஏறும் ஹெல்மெட்டுக்கு 12492, சைக்கிள் ஹெல்மெட்டுக்கு 1078. ராப்பெல்லிங் அழைத்துப் போகும் குழுவிடமும் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கயிற்றில் தொங்காதீர்கள்.

பைக் ஹெல்மெட்: 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், அது நிஜமா போலியா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வரிக் கணக்கு. ஒரே தரமுத்திரை, ஒரே அளவு விவரம் உள்ள இரண்டு பொருட்கள் இருந்து, ஒன்றில் மட்டும் நட்சத்திரப் பெயர் இருந்தால், இரண்டின் விலை வித்தியாசம்தான் அந்தப் பெயருக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம். பிடித்த வீரருக்காக அதைச் சந்தோஷமாகக் கொடுப்பது தப்பில்லை. ரசிகராக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அதைப் பாதுகாப்புக்குக் கொடுத்த பணம் என்று நினைத்துக்கொண்டு மலை ஏற வேண்டாம்.